தோள் ஓய்ந்த பிறகு

(பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறு – வானொலி மறையுரை)

 

இன்றைய நற்செய்தி யோவான் 21-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. திபேரியக் கடற்கரை. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல் சோர்ந்து திரும்பும் சீடர்கள். கரையிலே கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கும் ஆண்டவர். சாப்பிட்டு முடிந்ததும் பேதுருவிடம் மூன்று முறை ஒரே கேள்வி. இதைப் பற்றி நாம் பலமுறை சிந்தித்திருக்கிறோம். ஆனால் அந்த உரையாடலின் கடைசியில் ஆண்டவர் பேதுருவின் கைகளைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். அதை நாம் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். இளமையில் பேதுரு தன் இடைக்கச்சையைத் தானே கட்டிக்கொண்டு, நினைத்த இடத்துக்குப் போனவர். வயதான காலத்தில் அந்தக் கைகள் அவர் வசத்தில் இராது. இன்னொருவர் அவரைக் கட்டி, அவருக்கு விருப்பமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போவார். இது பேதுருவின் மறைசாட்சியத்தைக் குறித்தது என்று நற்செய்தியாளரே விளக்குகிறார். ஆனால் கையும் காலும் தன் பேச்சைக் கேட்காத நாளைச் சந்தித்த ஒவ்வொருவருக்கும் இந்தச் செய்தி நன்றாகப் புரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன. அங்கே ஒரு தச்சர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல கைவேலைக்காரர். ஒருநாள் இழைப்பு மெஷினில் வலது கை சிக்கிக்கொண்டது. மூன்று விரல்கள் போய்விட்டன. காயம் ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து, எல்லாரும் போன பிறகு, சக்கிறிஸ்து வாசலில் வந்து நின்றார். கட்டுப் போட்டிருந்த கையைக் காட்டி, “சாமி, கை போயிடுச்சு. இனி நான் எதுக்கு?” என்று கேட்டார்.

எனக்கு அடுத்த ஊரில் அடுத்த திருப்பலிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “ஆண்டவர் பார்த்துக்குவார்ப்பா, ஜெபிப்போம்” என்று சொல்லி, தலையில் கைவைத்து ஆசீர் அளித்தேன். “சரி சாமி” என்று சொல்லிவிட்டுப் போனார். குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் இறையியல் படித்தவன் நான். அந்த மனிதர் கேட்டது இறையியல் கேள்வி. நான் கொடுத்தது, வண்டி ஏறப்போகிற அவசரத்தில் கொடுத்த பதில். அந்த “சரி சாமி” வெகுநாள் என் காதில் இருந்தது. அன்று நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், அமெரிக்க நாட்டின் ஒரு விளையாட்டு வீரருடைய வாழ்க்கையைப் பற்றிப் படித்தேன். இன்று அவரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவர் பெயர் ஜோ வுட். பேஸ்பால் வீரர். நம்மில் பலருக்கு அந்த விளையாட்டு பழக்கமில்லை. நம் கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடிவந்து, கையை நீட்டிச் சுழற்றி, பந்தைத் தரையில் குத்தி எழுப்புவார். பேஸ்பாலில் பந்து எறிபவர் சிறிய மேட்டின்மேல் நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஓட்டம் கிடையாது. எதிரே 60 அடி 6 அங்குலத் தூரத்தில் அடிப்பவர் நிற்பார். பந்து தரையில் படாமல் அவரைக் கடந்துபோக வேண்டும். வேகம் முழுவதும் காலிலும் இடுப்பிலும் பிறந்து தோள் வழியாக வெளியே வர வேண்டும். தோள்தான் அவருக்கு மூலதனம். தோள் போனால் பிழைப்பு போயிற்று.

ஜோ வுட் 1889-இல் பிறந்தவர். கொலராடோ மாநிலத்தில் ஊரே என்ற சுரங்க ஊரிலும், பிறகு கான்சாஸ் மாநிலத்தில் நெஸ் சிட்டி என்ற சிற்றூரிலும் வளர்ந்தார். 16 வயதில் அவருக்கு முதன்முதலாகக் கூலி கொடுத்தது, ஊர் ஊராகப் போய் ஆடும் ஒரு பெண்கள் அணி! அந்த அணியில் சில பையன்களும் வேடமிட்டுக் கலந்து ஆடுவது வழக்கமாம். கடவுள் சிலருடைய கதையைச் சிரிப்போடுதான் தொடங்கிவைக்கிறார். இரண்டே ஆண்டுகளில், 1908-இல், 18 வயதில் அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற பெரிய அணிக்கு வந்துவிட்டார். அவர் எறியும் பந்து கண்ணுக்குத் தெரியாமல் புகைபோல் போகும் என்று ‘ஸ்மோக்கி’ ஜோ என்று பெயர் வைத்தார்கள்.

1912-ஆம் ஆண்டு அவருக்கு 22 வயது. அந்த ஆண்டில் மட்டும் அவர் எறிந்து பாஸ்டன் வென்ற ஆட்டங்கள் 34. தோற்றவை 5. தொடர்ந்து 16 ஆட்டங்களில் வெற்றி. 258 பேரை, அடிக்கவே முடியாமல் திருப்பி அனுப்பினார். அந்தக் காலத்தில் மிக வேகமாகப் பந்து எறிந்தவர் என்று பெயர்பெற்றவர் வாஷிங்டன் அணியின் வால்டர் ஜான்சன். அந்த செப்டம்பர் 6-ஆம் நாள், புதிதாகத் திறக்கப்பட்ட ஃபென்வே பார்க் மைதானத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். பாஸ்டன் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றது.

அந்த ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரில் ஒரு நிகழ்ச்சி. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியுடன் பாஸ்டன் மோதியது. வுட் எறிந்து இரண்டு ஆட்டங்கள் வென்றாகிவிட்டது. மூன்றாவது முறை அவர் எறிய வந்தபோது முதல் சுற்றிலேயே ஆறு ரன் கொடுத்து அவமானப்பட்டார். மறுநாள் கடைசி ஆட்டம். நடுவில் அவரையே மறுபடி இறக்கினார்கள். பத்தாவது சுற்றில் எதிரணி ஒரு ரன் முந்திவிட்டது. பாஸ்டன் அடிக்கும் முறை வந்தபோது வுட் வெளியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பதிலாக இன்னொருவர் அடிக்கப் போனார். அவர் தூக்கி அடித்த எளிய பந்தை எதிரணி வீரர் கையில் வாங்கித் தவறவிட்டார். அதிலிருந்து ஆட்டம் திரும்பியது. பாஸ்டன் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. அந்த வெற்றி வுட்டின் கணக்கில் எழுதப்பட்டது.

அன்பார்ந்தவர்களே, இதைக் கவனியுங்கள். அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி வந்தபோது பந்து அவர் கையில் இல்லை. அவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வேறொருவர் அவருடைய இடத்தில் நின்றார். இன்னொருவருடைய பிழையால் கதவு திறந்தது. நாம் நம் சாதனை என்று சொல்லிக்கொள்கிறவற்றில் எத்தனை இப்படி வந்தவை! இதைத்தான் திருச்சபை ‘அருள்’ என்று சொல்கிறது. ஆனால் 22 வயதில் யாருக்கு இது உறைக்கும்? நமக்கு உறைத்ததா?

அடுத்த ஆண்டு, 1913-இல், ஈரப் புல்லில் ஓடி ஒரு பந்தை எடுக்கப்போன இடத்தில் வழுக்கி விழுந்தார். எறியும் கையின் கட்டைவிரல் முறிந்தது. எலும்பு கூடியது. ஆனால் அதற்குப் பிறகு தோளில் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் எறிந்தால் பல நாள் ஓய்வு எடுக்க வேண்டும். அந்த வலியோடுதான் 1915-இல் 15 ஆட்டங்கள் வென்றார். அந்த ஆண்டு அவருடைய சங்கத்தில் மிகக் குறைந்த ரன் சராசரி கொடுத்தவர் அவர்தான். வெளியே பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரிந்தது. 1916-இல் ஓர் ஆண்டு முழுவதும் ஆடவே முடியவில்லை. நாட்டிலேயே சிறந்த கைகளில் ஒன்று, 26 வயதில் ஓய்ந்துவிட்டது.

என் தச்சர் கேட்ட கேள்வி இங்கேயும் எழுகிறது. கை போயிற்று. இனி நான் எதற்கு?

1917-இல் பாஸ்டன் அவரை க்ளீவ்லேண்ட் அணிக்கு விற்றுவிட்டது. அங்கே அவருடைய பழைய நண்பர் ட்ரிஸ் ஸ்பீக்கர் இருந்தார். பந்து எறிய முடியாதென்று உறுதியான பிறகு, 1918-இல், வுட் வேறு வேலையில் நின்றார். மைதானத்தின் தூரத்துப் பக்கத்தில், புல்வெளியில் நின்று பந்து பிடிக்கும் வேலை. முறை வந்தால் அடிக்கும் வேலை. நேற்றுவரை ஆட்டத்தின் நடுமேட்டில் நின்றவர் இன்று வேலி ஓரத்தில் நிற்கிறார். அந்த ஆண்டு மே 24 அன்று நியூயார்க்கில் 19 சுற்றுவரை நீண்ட ஓர் ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன்கள் அடித்தார். இரண்டாவது, 19-ஆம் சுற்றில். அதுதான் வெற்றியைத் தந்தது. 1920-இல் க்ளீவ்லேண்ட் உலகத் தொடரை வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். 1922-இல் நன்றாக அடித்து, 92 ரன்கள் வருவதற்குக் காரணமாக இருந்தார்.

அதோடு தாமாகவே விலகினார். இன்னும் சில ஆண்டுகள் ஆடியிருக்கலாம். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள். ஆண்டில் பாதி நாள் ரயிலிலும் ஓட்டலிலும் கழிகிற பிழைப்பு. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகம், மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவரைக் கூப்பிட்டது. 1923-இல் முதலாண்டு மாணவர்களின் அணியோடு தொடங்கினார். பிறகு தலைமைப் பயிற்சியாளர். 1942 வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள். அவர் பயிற்றுவித்த அணிகள் 280-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் வென்றன. அவருடைய மகனும் யேலில் பந்து எறிந்து, 1944-இல் அப்பா ஆடிய அதே பாஸ்டன் அணிக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார்.

இருபது ஆண்டுகள்! அவர் பந்து எறிந்து பெயர் வாங்கிய ஆண்டுகளைவிட இது பல மடங்கு நீளம். ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1912-ஐப் பற்றியே பேசுகிறார்கள். நான் அந்த இருபது ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன்.

ஒரு பயிற்சியாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள். எப்படி எறிய வேண்டும் என்று அவருக்கு உடம்பெல்லாம் தெரியும். ஆனால் எறிய முடியாது. எதிரே 19 வயதுப் பையன். நல்ல தோள். அதன் அருமை தெரியாமல் வீணாக்குகிறான். பொறாமை வராதா? ‘இவன் தோள் எனக்கு இருந்தால்’ என்ற எண்ணம் வராதா? பயிற்சி கொடுப்பதென்றால், தன்னிடமிருந்து போன ஒன்று இன்னொருவனிடம் இருப்பதை நாள்தோறும் பார்ப்பது. பார்த்து, கசக்காமல் இருப்பது. அவன் தன்னைவிட நன்றாகச் செய்தால் மகிழ்வது. அதோடு இன்னொன்றும் உண்டு: நான்கு ஆண்டுகளில் அந்தப் பையன் படிப்பு முடிந்து போய்விடுவான். அடுத்த பையன் வருவான். மறுபடியும் முதலிலிருந்து.

விவிலியத்தில் இந்த இடத்தில் நின்றவர்கள் பலர். மோசே தன் கைகளை யோசுவாவின்மேல் வைத்து, தன் பொறுப்பைக் கொடுத்தார். நாட்டுக்குள் மக்களை அழைத்துப் போனவர் யோசுவா; மோசே நெபோ மலைமேல் நின்று தூரத்தில் பார்த்தார். திருமுழுக்கு யோவான் தன் சீடர் இருவரை, கடந்துபோய்க்கொண்டிருந்த இயேசுவின் பக்கம் கைகாட்டி அனுப்பிவைத்தார். அவர்கள் திரும்பி வரவில்லை. யோவானுக்கு அதில் மனவருத்தம் இல்லை; மணமகனுடைய தோழனின் மகிழ்ச்சியே தனக்குப் போதும் என்றிருந்தார். கொடை என்பது கொண்டவனுக்கு மட்டும் உரியதில்லை. தூய ஆவியார் ஒவ்வொருவருக்கும் தரும் கொடைகள் எல்லாருடைய நன்மைக்கும் என்று திருத்தூதர் பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். அப்படியென்றால், என் கை ஓயும்போது கொடை முடிந்துபோவதில்லை. அது வேறு கைக்குப் போக வேண்டிய வேளை வருகிறது, அவ்வளவுதான்.

ஆனால், அன்பார்ந்தவர்களே, நான் உங்களுக்கு ஒரு புனிதரின் வரலாற்றைச் சொல்லவில்லை. அவருடைய இறைநம்பிக்கை எப்படிப்பட்டது என்று நான் பேச வரவுமில்லை. அவருடைய வாழ்க்கையில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் இந்த மறையுரை பொய்யாகிவிடும்.

1926-ஆம் ஆண்டின் கடைசியில், அவர் யேலில் பயிற்சியாளராக இருந்தபோது, பழைய ஒரு கடிதம் வெளியே வந்தது. 1919-ஆம் ஆண்டு செப்டம்பரில் க்ளீவ்லேண்டும் டெட்ராய்ட்டும் ஆடிய ஓர் ஆட்டத்தில் பணம் வைத்துப் பந்தயம் கட்டியதைப் பற்றி வுட் தம் கைப்பட எழுதிய கடிதம் அது. பெரிய ஆட்டக்காரர்களான டை காப், ட்ரிஸ் ஸ்பீக்கர் ஆகியோரின் பெயர்களும் குற்றச்சாட்டில் அடிபட்டன. செய்தித்தாள்களில் பெரிய பரபரப்பு. பேஸ்பாலின் ஆணையராக இருந்த நீதிபதி லேண்டிஸ் 1927 ஜனவரியில் காப், ஸ்பீக்கர் இருவரும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் வுட் எழுதிய கடிதம் கடிதம்தான். பந்தயம் பந்தயம்தான். பையன்களுக்கு ஒழுங்கு சொல்லித்தருகிற இடத்தில் நிற்கும் ஒருவருடைய பழைய பாவம் ஊர்முழுக்கத் தெரிந்துவிட்டது.

யேல் என்ன செய்தது? அவரை வெளியே அனுப்பவில்லை. அதன் பிறகும் 15 ஆண்டுகள் அவர் அங்கே பயிற்சியாளராக இருந்தார்.

இங்கே நற்செய்திக்குத் திரும்புவோம். யோவான் நற்செய்தியின் மூல மொழியாகிய கிரேக்கத்தில் ‘கரி நெருப்பு’ என்பதற்கு ஒரு தனிச் சொல் இருக்கிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று, தலைமைக் குருவின் முற்றத்தில். குளிருக்காக மூட்டிய அந்த நெருப்பின் அருகில் நின்றுதான் பேதுரு ஆண்டவரை மறுதலித்தார். இன்னொன்று, இன்றைய நற்செய்தியில், கடற்கரையில். ஆண்டவர் ஏன் அதே நெருப்பை மூட்டினார்? பேதுரு மறந்துவிட வேண்டும் என்பதற்காக இல்லை. அந்த வாசனை மூக்கில் ஏறும்போதே அந்த இரவு அவருக்கு நினைவுக்கு வந்திருக்கும். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஆண்டவர் என்ன தருகிறார்? வேலை தருகிறார். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ‘உன்னை மன்னித்துவிட்டேன், வீட்டுக்குப் போ’ என்று அனுப்பிவிடவில்லை. விழுந்தவன் கையிலேயே குட்டிகளை ஒப்படைக்கிறார். ஆண்டவருடைய மன்னிப்பு பொறுப்பின் வடிவில் வருகிறது.

தவறு செய்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறுவர்களுக்குத் தீங்கு செய்தவரைச் சிறுவர்களிடம் மறுபடி விடக் கூடாது. அது இரக்கமில்லை, அநியாயம். ஆனால் ஒரு பழைய தவற்றை ஒத்துக்கொண்டு, அதற்குப் பிறகு நேராக நடந்தவரை, சாகும்வரை அந்த ஒரே பக்கத்தில் வைத்துப் படிப்பது நம் பழக்கம். சங்கக் கணக்கில் என்றோ ஒருநாள் தவறியவர், குடியிலிருந்து மீண்டவர், சிறைக்குப் போய்வந்தவர் – நம் பங்குகளில் இவர்களுக்கு இருக்கை கிடைக்கிறது, பொறுப்பு கிடைப்பதில்லை. ஆனால் தான் விழுந்த இடம் தெரிந்தவர், அந்த இடத்தில் சின்னவர்கள் விழாமல் எச்சரிக்க முடிந்தவர்.

இன்னும் ஒரு காட்சி. 1981-ஆம் ஆண்டு மே 21. வுட்டுக்கு 91 வயது. அவர் பயிற்சி கொடுத்த அதே யேல் மைதானம். பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தைப் பார்த்தார். யேல் அணியை எதிர்த்து ஆடியது செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம். நம் புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய சபையின் குருக்கள் 1870-இல் நியூயார்க்கில் தொடங்கிய கல்விச்சாலை. யேலுக்காக ரான் டார்லிங் என்ற மாணவர் பந்து எறிந்தார். எதிர்ப்பக்கம் ஃபிராங்க் வயோலா. 11 சுற்றுகள் முடியும்வரை டார்லிங்கின் பந்தை ஒருவராலும் முறையாக அடித்துத் தளம் சேர முடியவில்லை. வயோலாவும் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. வழக்கமாக ஒன்பது சுற்றில் முடிகிற ஆட்டம் இது. 12-ஆம் சுற்றில் செயின்ட் ஜான்ஸ் வீரர் ஒருவர் முதல் அடியை அடித்தார். அப்போது எதிரணியைச் சேர்ந்த அந்தப் பையன்களே எழுந்து நின்று டார்லிங்குக்குக் கைதட்டினார்கள். சற்று நேரத்தில் அதே அடித்தவர் தளம் தளமாகத் திருடி ஓடி ரன் சேர்த்தார். யேல் பூஜ்யத்துக்கு ஒன்று என்று தோற்றது. இரண்டு பையன்களும் பிறகு பெரிய அணிகளில் ஆடிப் பெயர் பெற்றார்கள்.

அந்த ஆட்டத்தைக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து பார்த்த முதியவர், 1911-இல் தானும் ஓர் ஆட்டம் முழுவதும் எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காமல் எறிந்தவர். டார்லிங் அவருடைய மாணவர் இல்லை. அவர் பயிற்சியை விட்டு ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அவர் வந்து உட்கார்ந்து பார்த்தார். தன்னுடையதாக இல்லாத ஒரு நல்லதை, முழு மனதோடு உட்கார்ந்து பார்க்கக் கற்றுக்கொண்ட முதுமை எவ்வளவு பெரிய வரம்! நம் வீட்டுப் பெரியவர்களுக்காக இந்த வரத்தைக் கேளுங்கள். நமக்காகவும் இப்போதிருந்தே கேட்டுவைப்போம்.

1985 ஜனவரியில் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அந்த ஜூலை 27-ஆம் நாள் 95 வயதில் இறந்தார். கூப்பர்ஸ்டவுன் நகரில் பேஸ்பாலின் பெரிய வீரர்களுக்கென்று ஒரு புகழ்மண்டபம் இருக்கிறது. அதில் இன்றுவரை அவருக்கு இடமில்லை. அவர் எறிந்த ஆண்டுகள் அதற்குப் போதவில்லை என்பார்கள். அந்தக் கணக்கு அவர்களுக்கு இருக்கட்டும். கடவுளிடம் வேறு கணக்கு இருக்கிறது.

என் தச்சரிடம் திரும்புகிறேன். மூன்று நான்கு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் சாக்கில் சுற்றி மூலையில் கிடந்தன. இந்த முறை அவசரப்படவில்லை. அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, அன்று அவசரமாகப் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். பிறகு, “கோயில் பெஞ்சு நாலு ஆட்டம் காணுது. பத்தாவது படிச்சுட்டுச் சும்மா சுத்துற பையன் ஒருத்தன் இருக்கான். நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தா அவன் செய்வான்” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணுமா சாமி?” என்றார். நியாயமான கோபம். நான் பதில் சொல்லவில்லை. ஜோ வுட்டின் கதையையும் சொல்லவில்லை. காயம்பட்டவரிடம் எடுத்த எடுப்பில் உவமைக் கதை சொல்லக் கூடாது என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூண் ஓரத்தில் நின்றார். பையன் மரத்தைப் போட்டுத் திணறிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரால் தாங்க முடியவில்லை. “டேய், நாரு போற போக்குல தள்ளுடா. எதிர்த்துத் தள்ளுனா மரம் பேத்துக்கிட்டு வரும்” என்று சத்தம் போட்டார். அப்படியே கிட்டே போனார். மீதியிருந்த விரல்களால் பையனின் கையைப் பிடித்து இழைப்புளியின்மேல் வைத்தார்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். வருமானம் பழையபடி இல்லை. இரவில் கை முழுசாக இருக்கிற மாதிரி கனவு வருகிறது, விழித்துப் பார்த்தால் அழுகை வருகிறது என்று என்னிடம் சொன்னார். இழப்பு இழப்புதான். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் ஆணித் தழும்புகள் இருந்தன. உயிர்ப்பு அவற்றை அழித்துவிடவில்லை. ஆனால் நான் அந்தப் பங்கிலிருந்து மாறி வரும்போது, அந்தப் பையன் தனியாக ஒரு கதவு செய்து முடித்திருந்தான். இன்னொரு பையனும் வந்து சேர்ந்திருந்தான்.

இந்த வாரம் மே முதல் நாளில் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவைக் கொண்டாடினோம். நாசரேத்துத் தச்சுப்பட்டறையை நினைத்துப் பாருங்கள். யோசேப்பு இயேசுவுக்கு விட்டுச்சென்றது சொத்து இல்லை, கைத்தொழில். இயேசுவைத் தச்சர் என்று ஊரார் அழைத்தார்களே, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த பல ஆண்டுகள் இருக்கின்றன. நற்செய்தியில் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் பட்டறையில் நிச்சயம் பேசியிருப்பார்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். கை ஓய்ந்தவர்களே, கண் மங்கியவர்களே, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களே, உங்களுக்குத் தெரிந்தது உங்களோடு மண்ணுக்குள் போக வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. மறைக்கல்வி வகுப்புக்கு ஆள் இல்லை. பாடற்குழுவுக்குச் சுதி சொல்லித்தர ஆள் இல்லை. வாருங்கள். இளையோரே, உங்களைத் திட்டுகிற பெரியவர் எல்லாரும் பொறாமைக்காரர் இல்லை. உங்கள் தோளின் அருமை உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும். அது போனால் எப்படி வலிக்கும் என்றும் தெரியும். பட்டறையும் கடையும் வைத்திருப்பவர்களே, அடிபட்டவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பும் முன், அவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் உங்களிடம் இருக்கிறதா என்று ஒரு முறை யோசியுங்கள். என்னைப் போன்ற குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ‘இனி நான் எதற்கு’ என்று யாராவது சக்கிறிஸ்து வாசலில் வந்து நின்றால், அடுத்த திருப்பலி பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினாலும் பரவாயில்லை.

மன்றாடுவோம். உயிர்த்த ஆண்டவரே, விழுந்த பேதுருவைக் கரி நெருப்பின் அருகில் அமரவைத்து, அவர் கையில் உம் மந்தையைத் தந்தீரே. எங்கள் வலிமையின் நாள்களுக்கு நன்றி. எங்கள் கைகள் ஓயும் நாளில் எங்களைக் கசப்புக்குக் கையளியாதேயும். எங்களிடமிருந்து போனது இன்னொருவரிடம் வளர்வதைக் கண்டு மகிழும் மனதைத் தாரும். வேலையில் அடிபட்டு வீட்டில் முடங்கியிருக்கும் எல்லாரையும் இந்த வேளையில் உம் தழும்புள்ள கைகளால் தொட்டருளும். ஆமென்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!